பதினான்காம் பக்கத்துப் பெண்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கையிலிருக்கும் போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள், அது எங்கேயும் ஓடிப் போகாது. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஒரு சேதி தன் காலாலேயே எப்படி வெளியே நடந்து போனது என்று ஒரு கதை வைத்திருக்கிறேன். அந்தச் சேதியைத் துரத்திக்கொண்டு போன இரண்டு பேரை முதலில் காட்டிவிடுகிறேன்.

உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் செல்போன் ரிப்பேர் கடை. நடத்துகிறவள் சாஜிதா பேகம். இருபத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கி, ஒன்றைக்கூட வாய் வழியாக வெளியே விடாதவள். கடை திறந்த புதிதில் போன் ரிப்பேருக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். நாளடைவில் காணாமல் போன பத்திரம், பேர் போடாமல் வந்த கடிதம், நின்று போன கல்யாணம் என்று வேறு சிக்கல்களையும் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அவளும் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

உதவிக்கு இருப்பவன் பாலகோபால். வயது நாற்பத்து நாலு. பதினெட்டு வருஷம் சாப்ட்வேர் கம்பெனியில் குப்பை கொட்டியவனை ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாலு நிமிஷ வீடியோ காலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நாலில் இரண்டு நிமிஷம், "நீங்க மியூட்ல இருக்கீங்க" என்பதிலேயே போய்விட்டது. ஏழு மாதம் ஆகிறது. இன்னமும் காலையில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டுதான் கிளம்புவான். பைக்குள் இருப்பது டிபன் பாக்ஸ். மனைவியைத் தவிர சொந்தபந்தத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பது அவன் நினைப்பு. அந்த நினைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த மார்கழி வியாழக்கிழமை, கடை திறந்த கையோடு ஒரு பெண் வந்து தன் போனை மேஜை மேல் வைத்தாள். முன் கேமராவிலும் பின் கேமராவிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"இதுல இருக்கறதெல்லாத்தையும் அழிச்சுக் குடுங்க. ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாதுங்க."

"காயம் ஆழமோ?" என்று பிளாஸ்திரியைப் பார்த்துக் கேட்டான் பாலகோபால். அவள் சிரிக்கவில்லை. சாஜிதா அவளை உட்கார வைத்து, டீ வரவழைத்து, விஷயத்தை வாங்கினாள்.

பெயர் பிரத்யுஷா. பீளமேட்டில் ஒரு கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். ஐந்து வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே சம்பளம், வருஷா வருஷம் ஒரே கைத்தட்டல். இன்னொரு கம்பெனி அவளை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் கொடுத்திருந்தது. ஜனவரி பத்தொன்பதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும், தவறினால் கடிதம் செல்லாது. பழைய கம்பெனியின் சட்டப்படி வேலையை விடுகிறவர்கள் தொண்ணூறு நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். மேனேஜர் மனது வைத்தால் அதை முப்பதாகக் குறைக்கலாம். இதற்கு முன் போன ஆறு பேருக்கும் மேனேஜர் தேஜா முப்பதில்தான் விட்டிருந்தார். ஆனால் இவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, போன வியாழக்கிழமை அவரே கூப்பிட்டு, தெரியும் என்று சொல்லிவிட்டார். மறைத்ததற்குத் தண்டனையாகத் தொண்ணூறு நாளும் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். இவள் மறுநாளே ராஜினாமா கொடுத்தாள். அதன் மேல் அவர் முடிவைப் பதிவு செய்ய இன்று மாலை ஐந்து மணி வரை கெடு. அவர் ஆபீஸ் ஆப்பில் முப்பது என்று அழுத்தாவிட்டால் தொண்ணூறு தானாக உறுதியாகிவிடும். புது வேலை போய்விடும்.

"தொண்ணூறு நாள்ல ஒரு போகம் தட்டைப்பயறே எடுத்துப்போடலாமுங்க" என்றான் பாலகோபால்.

சேதி எப்படிக் கசிந்தது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. போன்தான் ஒட்டுக் கேட்டிருக்கிறது என்று முடிவு கட்டி, மூன்று முறை பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறாள். பதினேழு ஆப்பை நீக்கியிருக்கிறாள். ஆபீசில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் பக்கத்து மேஜை ரம்லா. அவளோடு பேசுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது.

சாஜிதா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். தேஜா சொன்னதைச் சுருக்காமல், அவர் வாயில் வந்தது வந்தபடி சொல்லச் சொன்னாள். எக்ஸ்சேஞ்சுப் பழக்கம் அது.

பிரத்யுஷா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "'தை பொறந்ததும் மேனேஜராப் போறீங்களாமா பிரத்யுஷா? எங்களையெல்லாம் மறந்துராதீங்க.' அதுக்கப்புறம்தான் தொண்ணூறு நாள் பேச்சுங்க."

"உன் லெட்டர்ல என்ன வேலைன்னு போட்டிருக்குது?"

"சீனியர் டெஸ்ட் இன்ஜினியர்."

"தேதி?"

"ஜனவரி பத்தொன்பது."

"அப்ப அதுல தை எங்க இருக்குது, மேனேஜர் எங்க இருக்குது?" என்றாள் சாஜிதா. "லெட்டரைத் திருடுனவன் லெட்டர்ல இருக்கறதைத்தான் சொல்லுவான். உங்க ஆளு கைக்குப் போனது லெட்டர் இல்ல கண்ணு. உன் மேல ரொம்பப் பிரியமா இருக்கற யாரோ எழுதுன காயிதம்."

பாலகோபாலுக்குச் சட்டென்று விளங்கியது. "ஆமாங்க. எந்தத் திருடனும் ப்ரமோஷன் குடுத்துத் திருட மாட்டான்."

வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்று கேட்டாள் சாஜிதா. பார்க்கிறார்கள்தான், ஆனால் அம்மாவாக இருக்க முடியாது என்றாள் பிரத்யுஷா. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், அதில் ஒரு மெசேஜ்கூட அனுப்பத் தெரியாது. போன் வழியாக ஒருவரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சாமி விளக்குக்கு முன்னால் சத்தியமும் செய்திருக்கிறாள்.

"போன் வழியா" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு சாஜிதா எழுந்தாள்.

பிரத்யுஷா அரை நாள் லீவு முடிந்து ஆபீசுக்குக் கிளம்ப, இவர்கள் இருவரும் பாலகோபாலின் ஸ்கூட்டரில் பீளமேட்டுக்குப் புறப்பட்டார்கள். வழி காட்டும் ஆப் இரண்டு இடத்தில், தோண்டிப் போட்டிருந்த ரோட்டுக்குள் திரும்பச் சொன்னது. மூன்றாவது தடவை பாலகோபால் அதன் வாயை அடைத்தான். வழியில் மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை ஓர் அட்டை கேட்டதற்கு, போன் நம்பர் சொல்லுங்கள் என்றார்கள். தலைவலி எனக்கா என் நம்பருக்கா என்று கேட்டுவிட்டு, மாத்திரை வாங்காமலே வந்து வண்டியை உதைத்தான். பின்னால் உட்கார்ந்திருந்த சாஜிதா, உன் பேச்சைக் கேட்டு எனக்கும் வலிக்குது, ரெண்டு அட்டையா வாங்கியிருக்கலாம் என்றாள்.

பழைய மில் மதிலை ஒட்டிய தெருவில் பிரத்யுஷாவின் வீடு. அம்மா பங்காரம்மா முட்டி வலியோடு மெதுவாக வந்து கதவைத் திறந்தாள். பாப்பாவுக்குத் தெரிந்தவர்கள் என்றதும் உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். சாஜிதா சுற்றி வளைக்கவில்லை. பாப்பாவின் ஜாதகத்தை யாரிடமாவது கொடுத்தீர்களா என்று கேட்டாள்.

பங்காரம்மா முகத்தில் பெருமைதான் வந்தது. "போன்ல அனுப்புனா எவனோ எடுத்துக்குவான்னு பாப்பா ஆறு மாசமாச் சொல்லீட்டே இருக்கறா. அதனால போன் பக்கமே போகலீங்க. புது வேலை விவரமெல்லாம் என் கையாலயே எழுதி, மஞ்சப்பையில வெச்சு, நானே நடந்து போய் லட்சுமிநாராயணன் அண்ணன் கையில குடுத்துப்போட்டு வந்தேன். தை மாசம் அஞ்சாந் தேதி சேரறான்னு நல்ல நாளும் பாத்து எழுதியிருந்தேனுங்க."

பாலகோபால் நாக்கு நுனி வரைக்கும் ஒரு கிண்டல் வந்தது. அந்த முட்டியைப் பார்த்தான். காபியோடு சேர்த்து விழுங்கினான்.

ஏதாவது தப்பாகிவிட்டதா என்று கேட்டாள் பங்காரம்மா. உங்கள் பேரில் தப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு சாஜிதா டம்ளரைக் காலி செய்தாள். மேனேஜர் என்று எழுதினீர்களா என்று போகிற போக்கில் கேட்டுக்கொண்டாள். இல்லையாம், இன்ஜினியர் என்றுதான் எழுதினாளாம்.

லட்சுமிநாராயணன் இரண்டு தெரு தள்ளி இருந்தார். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று. தங்கள் ஆட்களுக்குள் வரன் சேர்த்து வைப்பதைக் காசு வாங்காத சேவையாகச் செய்து வந்தார். முன்னறைச் சுவர் முழுக்கக் கல்யாணப் பத்திரிகைகள். மேஜையில் ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர், சார்ஜில் இரண்டு போன். பாலகோபால் கோபத்தைக் கூர் தீட்டிக்கொண்டுதான் வாசலேறினான். அவர் எழுந்து நின்று, மின்விசிறிக்குக் கீழே இருந்த தன் நாற்காலியையே கொடுத்தார். அந்த மரியாதைக்கு முன்னால் கோபத்தை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வருகிற ஜாதகங்களையெல்லாம் ஸ்கேன் செய்து, ஆளுக்கொரு பக்கமாக டைப் அடித்து, புதன்கிழமை தோறும் ஒரே ஃபைலாக்கி அனுப்புவதாக அவர் விளக்கினார். எங்கே அனுப்புகிறீர்கள் என்றதற்குப் போனைத் திறந்து காட்டினார். பதினோரு குரூப்.

"நம்மாளுகளுக்குள்ள மட்டும்தானுங்க" என்றார்.

"ஒரு குரூப்புல எத்தனை நம்மாளுக இருப்பாங்க?"

"எண்ணூறு, தொள்ளாயிரம் இருப்பாங்களுங்க."

பாலகோபால் மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பதினெட்டு வருஷம் அவன் கம்பெனியில் பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை பாதுகாப்புப் பரீட்சை வேறு எழுத வைத்தார்கள். அந்தப் பூட்டு ஒன்றில்கூட மஞ்சப்பைக்குச் சாவித்துளை இருக்கவில்லை.

போன வாரப் புதன்கிழமை ஃபைலை எடுத்தார் பெரியவர். பதினான்காம் பக்கத்தில் பிரத்யுஷா பட்டுப்புடவையில் நின்றாள். நட்சத்திரம், உயரம், சொந்த வீடு, இப்போதைய கம்பெனி, புதுக் கம்பெனி, தை மாதம் முதல் மேனேஜர். மேனேஜர் எங்கிருந்து வந்தது என்று சாஜிதா கேட்டாள்.

"அந்த வாரம் வந்த முப்பத்தாறு பேர்ல முப்பது பேர் இன்ஜினியருங்க. ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்லை. அதான் ஒரு படி ஏத்துனேன். கெட்டிக்காரப் புள்ள, எப்படியும் ஆயிருவா."

அப்புறம் பாலகோபாலை நிமிர்ந்து பார்த்து, இன்னார் மாப்பிள்ளை என்று அடையாளம் கண்டு, குரலைத் தாழ்த்தி, உண்மையான கரிசனத்தோடு சொன்னார். "தம்பி, உங்களுக்கும் வேலை போயிருச்சுன்னு பாத்தேனுங்க. மனசு விட்றாதீங்க. எனக்குத் தெரிஞ்ச பம்ப்செட் கம்பெனி ஒண்ணு இருக்குது, சொல்லட்டுங்களா?"

பாலகோபாலுக்குக் காது சுட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்டான். ஒருவரும் சொல்லவில்லையாம். வேலை தேடுகிற ஆப்பில் அவன் படத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் இருந்ததாம். வட்டம் போட்டால் வேலை தேடுகிறார்கள் என்று அர்த்தமாம். இவருடைய குரூப்பில் இருக்கும் அவன் மாமனாரும் பார்த்துவிட்டு வருத்தப்பட்டாராம். தம்பி மனசு நோகுமே என்று யாரும் அவனிடம் கேட்டுக்கொள்ளவில்லையாம். எத்தனை நாளாக என்றான். ஆறேழு மாசமாக.

வட்டத்தைப் போட்டது அவனேதான். ஏழு மாதமாக அவன் சுமந்த பைக்குள் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் சாஜிதா, பதினான்காம் பக்கத்தை முதலில் விசாரித்தது யார் என்று கேட்டாள். பெரியவர் நோட்டைப் புரட்டினார். புதன் ராத்திரியே ஓர் அம்மா கேட்டிருக்கிறார்கள், பையனும் அதே ஆபீஸ்தானாம் என்று சொல்லிக்கொண்டே அதே ஃபைலின் முப்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போனார்.

கோட்டு சூட்டில் கைகட்டி நின்றவர் தேஜா. வயது முப்பத்து மூன்று. தற்போது பீளமேட்டில் மேனேஜர். சித்திரை முதல் பெங்களூரில், வேறு கம்பெனியில், டைரக்டர்.

பாலகோபால் அந்த வரியை இரண்டு தடவை படித்தான். மறைத்துவிட்டாய் என்று தண்டனை கொடுத்த மனுஷர், தானும் மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

"டைரக்டரும் நீங்க ஏத்துன படிங்களா?" என்றான்.

"ஒரே ஒரு படிதானுங்க" என்றார் பெரியவர்.

பாலகோபால் தன் போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டான். சாஜிதா அதைக் கவனித்துக்கொண்டாள். கிளம்பும்போது பெரியவரிடம் நடந்ததைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, இரண்டு பக்கங்களையும் எடுத்துவிடச் சொன்னாள். அவர் ஆடிப் போய்விட்டார். வாசல் வரை வந்து கும்பிட்டு, இப்பவே செய்கிறேன் என்று உள்ளே ஓடினார்.

ஸ்கூட்டர் பக்கத்தில் பாலகோபால் வெடித்தான். இந்தப் படத்தைத் தேஜாவுக்கு மேலே இருப்பவர்களுக்கு அனுப்பப் போவதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஐந்து மணிக்கு முன்னால் ஓடிவந்து அழுத்துவான் என்றான். தன்னை நாலு நிமிஷத்தில் அனுப்பினவர்கள் மாதிரி ஆட்களில் ஒருத்தனாவது ஒரு நாளாவது பயந்து பார்க்கட்டும் என்றும் சொன்னான்.

சாஜிதா அவசரப்படவில்லை. "எக்ஸ்சேஞ்சுல ஒரு லைன்ல கேட்டதை இன்னொரு லைன்ல சொல்றவ கூட நாங்க ஒரு வேளை சோறு திங்க மாட்டோம் பாலு. ஆனா வேலை போகப்போறது எனக்கில்ல. அந்தப் புள்ளைகிட்டக் காட்டு. அவ சொல்லட்டும்."

ஆபீசுக்கு எதிரே இருந்த பேக்கரிக்குப் பிரத்யுஷா நாலு மணிக்கு இறங்கி வந்தாள். மஞ்சப்பையைப் பற்றிக் கேட்டதும் தேங்காய் பன்னைத் தட்டில் வைத்துவிட்டாள். "நடந்தேவா போனாங்க? அந்த முட்டியோட?" சிரிக்க ஆரம்பித்துக் கண்ணைத் துடைத்தாள்.

பாலகோபால் படத்தைக் காட்டி, தன் யோசனையையும் சொன்னான். அவள் முப்பத்தொன்றாம் பக்கத்தை வெகு நேரம் பார்த்தாள். கோட்டு அவருக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"போன வாரம் புதன்கிழமை எனக்கு யாராவது ஒருத்தர், 'உன் பக்கம் ஊரைச் சுத்துது'ன்னு சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்குமுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்தாள். எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டே அனுப்பினாள். 'சார், வரன் ஃபைல்ல முப்பத்தொண்ணாம் பக்கத்துல உங்க விவரம் இருக்குங்க. பதினோரு குரூப்புக்குப் போயிருக்கு. எடுக்கச் சொல்லியிருக்கோம். நான் யார்கிட்டயும் சொல்லலீங்க.'

"முப்பது நாளைப் பத்தி ஒரு வரி?" என்றான் பாலகோபால்.

"அது போட்டா மிரட்டலுங்க."

அவன் தன் போனிலிருந்து படத்தை அழித்தான். குப்பைத்தொட்டியில் இன்னும் முப்பது நாள் இருக்கும், அதையும் காலி பண்ணு என்றாள் சாஜிதா. காலி பண்ணினான். நோட்டீஸ் பீரியட் இல்லாமல் இன்றைக்குப் போகிற ஒரே ஆள் இதுதான் என்று முணுமுணுத்தான்.

நாலு இருபதுக்கு இரண்டு நீல டிக் விழுந்தன. பதில் இல்லை. நாலே முக்கால். பதில் இல்லை. ஐந்து மணிக்கு ஆபீஸ் ஆப்பைத் திறந்தாள் பிரத்யுஷா. ஒரே வாரத்தில் மூன்று முறை பாஸ்வேர்டை மாற்றியதால் சந்தேகப்பட்டு அது அவளையே பூட்டி வைத்திருந்தது. இருபத்து நாலு மணி நேரம் கழித்து முயலுமாறு மிகப் பணிவாகச் சொன்னது. உலகத்துக்கே தெரிந்த அவள் விவரம் அவளுக்கு மட்டும் தெரியக் கூடாதாம். பாலகோபால் போனைத் தூக்கி ரோட்டில் போடலாமா என்று கேட்டான்.

டீமில் யார் எப்போது போகிறார்கள் என்ற பட்டியலைப் பார்க்க இன்னும் ஒருத்தியால் முடியும். பிரத்யுஷா ஒரு வாரமாகத் தொடாத அந்தப் பேரைப் போனில் தேடி எடுத்தாள். பிறகு கூப்பிட்டாள். இந்த முனையில் அவள் சொன்னது இரண்டே வார்த்தை: "ரம்லா, நாந்தான்."

அந்த முனையில் முதலில் கீபோர்டைத் தட்டும் ஓசை வந்தது. அப்புறம் குரல், பக்கத்து மேஜைக்கும் கேட்கிற மாதிரி: "உன் கடைசி நாள் ஜனவரி பதினொண்ணுன்னு இருக்குது. அஞ்சுக்கு ரெண்டு நிமிஷம் முன்னால ஏறியிருக்கு. அது கெடக்கட்டும்டி, ஒரு வாரமா எம் மூஞ்சியப் பாக்காம சோத்தைத் தின்னியே, நான் என்னடி செஞ்சேன்?"

பிரத்யுஷா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ரோட்டைக் கடந்து ஆபீசுக்குள் ஓடினாள். தேஜா கடைசி வரை பதில் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது.

பேக்கரியில் பணம் கொடுக்கும் நேரத்தில் பாலகோபாலின் போன் அடித்தது. மாமனார் ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்திருந்தார். லட்சுமிநாராயணன் பதினோரு குரூப்புக்கும் கைப்பட எழுதியது: 'அன்புடையீர், போன வார ஃபைலில் பதினான்காம் பக்கத்தையும் முப்பத்தொன்றாம் பக்கத்தையும் தயவுசெய்து யாரும் பார்க்க வேண்டாமுங்க.'

"இதுவரைக்கும் பாக்காதவனும் இப்பப் பாத்திருப்பான்" என்றான் பாலகோபால். சாஜிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஓடிப் போன சேதியைக் கயிறு போட்டு இழுக்க இன்னும் ஒருவரும் ஆப் கண்டுபிடிக்கவில்லை.

அவன் ஸ்கூட்டருக்குப் போனான். தோளிலிருந்த லேப்டாப் பையைத் திறந்து டிபன் பாக்ஸை வெளியே எடுத்து, வண்டிக் கொக்கியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டினான். வெறும் பையை மடித்து சீட்டுக்கு அடியில் வைத்தான். பிறகு மாமனாரைக் கூப்பிட்டான். "மாமா, நாந்தானுங்க. ஒரு விஷயம் சொல்லணும். உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் நானே சொல்றனுங்க."

போதும் சாமிகளா, இனிப் போனை நிமிர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுச் சேதி உங்கள் வாயாலேயே முதலில் வெளியே போகட்டும். உங்கள் பிள்ளைகள் போக நினைக்கிற நாளில் போகவும், வர நினைக்கிற நாளில் வரவும் கதவு திறந்திருக்கட்டும். ஊரெல்லாம் உங்கள் பக்கத்தைப் புரட்டினாலும், பிரியத்தோடு ஒரு படி ஏற்றிச் சொல்கிறவர்களே உங்களைச் சுற்றி நிறைந்திருக்கட்டும். உங்கள் அடுப்பும் மனசும் குளிராமல் நல்லா இருங்க கண்ணுகளா.